பிரிபடாத பாகம்

(நகரமும் தலித்துகளும் என்ற பொருளில் மாணவர்கள் கூட்டிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் வேகமாகத் தாண்டிப் போன சில இடங்கள் எழுதும்போது விரிவாக்கப்பட்டுள்ளன.)



கவிதை வாசிக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கவிதை கொண்டு வரவில்லை. ஒரு தாள் கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 2025ஆம் ஆண்டு ஒட்டப்பட்ட அறிவிப்பு இது. தலைப்பு 'பிப்ரவரி மாதச் செய்திகள்'. மாசத்துக்கு ஒண்ணு இப்படி லிஃப்டுக்குப் பக்கத்தில் குண்டூசி குத்தித் தொங்கும். யாரும் நின்று படிக்கிறதில்லை. அடுத்த மாசம் இதன் மேலேயே அடுத்த தாளைக் குத்திவிடுவார்கள்.

நாம் மனுவைப் படித்துக் கிழிக்கிறோம். புராணத்தைக் கட்டுடைக்கிறோம். சினிமாவில் நம்மாளுக்கு என்ன பேர் வைத்தான், எந்த வேஷம் கொடுத்தான் என்று பக்கம் பக்கமாய் எழுதுகிறோம். எல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனால் தினமும் நாம் ஏறி இறங்குகிற இடத்தில் தொங்குகிற தாளைப் படித்திருக்கிறோமா? இன்றைக்கு இந்த ஒரு தாளைச் சேர்ந்து படிப்போம்.

அதற்கு முன்னால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் தாண்டி, ஏரியும் வயலுமாக இருந்த பகுதி. நாலு மாடி, 48 வீடு, இரண்டு லிஃப்ட். பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. அதனால் பின்பக்கம் ஜெனரேட்டருக்குக் கீழே பெரிய செப்டிக் டேங்க். வங்கி ஊழியருக்குக் கிடைக்கிற வீட்டுக் கடனில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு வாங்கினேன். பத்திரம் பதிகிற அன்றைக்கு அப்பாவை ஊரிலிருந்து வரவழைத்து, பத்திரத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அதில் 'பிரிபடாத பாகம்' என்று ஒரு சொல் வரும். கட்டடம் நிற்கிற மண்ணில் எனக்கு இத்தனை சதுர அடி பங்கு உண்டு. ஆனால் அது எந்த மூலையில் இருக்கிறது என்று காட்ட முடியாது. கோடு போட்டு இது உன்னுது, இது என்னுது என்று பிரிக்க முடியாது. 48 பேருக்கும் மண் ஒண்ணா கிடக்கும். அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப ஊரும் சேரியும் ஒண்ணுன்னு பத்திரத்துலயே எழுதிட்டானா? பரவால்லடா."

அப்பாவுடைய அந்தச் சந்தோஷத்தை நான் ஆறு வருஷம் கெடுக்கவில்லை.

கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் என்ன நினைத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசும்போது, கிராமத்தைப் புனிதப்படுத்தியவர்களை அவர் விட்டு வைக்கவில்லை. அதைப் படித்து வளர்ந்த நமக்கு, ஊரை விட்டு வெளியேறுவதே விடுதலையின் பாதி என்று ஒரு நம்பிக்கை. ஆனால் நகரத்தைப் பற்றி அவருக்கு மயக்கம் கிடையாது. 1917இல் வெளிநாட்டுப் படிப்பிலிருந்து திரும்பி பரோடா சமஸ்தானத்துக்கு வேலைக்குப் போனவருக்கு அந்த நகரத்தில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். பதினோராவது நாள் கம்போடு ஒரு கும்பல் வந்து வெளியேறச் சொன்னது. ஒரு இந்து நண்பரிடமும் ஒரு கிறிஸ்தவ நண்பரிடமும் இடம் கேட்டுப் பார்த்தார். இரண்டு பேரும் கைவிரித்தார்கள். பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். நகரம் அவரிடம் 'நீ யார்' என்று கேட்டது. அவர் பொய்ப் பெயர் சொல்ல வேண்டியிருந்தது. நூறு வருஷம் கழித்து நான் பொய்ப் பெயர் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது தாளுக்கு வருகிறேன். மொத்தம் ஏழு செய்தி.

முதல் செய்தி: 'மேல்நிலைக் குடிநீர்த் தொட்டி பிப்ரவரி 2 ஞாயிறு சுத்தம் செய்யப்படும்.' இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. நாடே பேசியது. எங்கள் குடியிருப்பிலும் பேசினார்கள். அடுத்த வாரமே சங்கம் கூடி மொட்டை மாடித் தொட்டியின் மூடிக்குப் பூட்டு போட்டது. வேங்கைவயல் செய்தியிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம் அந்தப் பூட்டு. அங்கே பாதிக்கப்பட்டது யார், எதனால் என்ற பேச்சே எழவில்லை. 'இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல சார்' என்றார்கள். பூட்டு வாங்கிய ரசீது என்னிடம்தான் வந்தது. நான்தான் பொருளாளர். வங்கியில் வேலை பார்ப்பவன் கணக்கு எழுதட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது செய்தியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், இரண்டாவதற்குப் பிறகு வருவேன். 'வீட்டு வேலை செய்வோர், துப்புரவுப் பணியாளர், உணவு மற்றும் கூரியர் கொண்டு வருவோர் பின்பக்க லிஃப்டை மட்டும் பயன்படுத்தவும்.' சாதி என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா? கிடையாது. என் ஊரில் நடக்கக் கூடாத தெரு என்று ஒன்று இருந்தது. அதை எழுதி வைக்க வேண்டிய தேவை அங்கே இருக்கவில்லை. பிறக்கும்போதே தெரியும். நகரத்தில் பிறப்பைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது, அதனால் எழுதி வைக்கிறார்கள். தொழிலின் பெயரை எழுதினால் போதும், சாதி தானாக வந்து நின்றுவிடும். பெருக்குகிறவர் யார், கக்கூஸ் கழுவுகிறவர் யார் என்று இந்த நாட்டில் தனியாக விளக்க வேண்டியதில்லையே.

என் வீட்டில் வேலை செய்த அக்கா பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கூவம் கரையில் இருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரத்து மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்களே, அதில் போனவர். அதுவும் அடுக்குமாடிதான். எங்களுடையதைவிட உயரம், எட்டடுக்கு. 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். நகரத்தின் நடுவில் இருந்தவர்களை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு போய் அடுக்கினார்கள். குடிசை மாற்று வாரியம் என்று 1970இல் தொடங்கியதற்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. மக்கள் வாயில் இன்றைக்கும் அது 'போர்டு வீடு'தான்.

எங்களுடையதற்குப் பெயர் 'கம்யூனிட்டி'. விற்பனை விளம்பரத்திலேயே 'கேட்டட் கம்யூனிட்டி' என்றுதான் இருந்தது. தோழர்களே, கம்யூனிட்டி என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது தாலுகா ஆபீசில். கம்யூனிட்டி சர்டிபிகேட். 'என்ன கம்யூனிட்டி' என்று கேட்டால் நம் நாட்டில் என்ன அர்த்தம்? எத்தனை வீடு இருக்கிறது, நீச்சல் குளம் இருக்கிறதா என்றா அர்த்தம்? விளம்பரம் எழுதியவன் தெரிந்து எழுதினானோ தெரியாமல் எழுதினானோ, சரியான சொல்லைத்தான் போட்டிருக்கிறான். 'கேட்' போட்ட கம்யூனிட்டி.

நாலாவது: 'மாமிச உணவு சமைப்போர் பிறருக்கு இடைஞ்சல் இல்லாதவாறு சன்னல்களை மூடிச் சமைக்கவும். கழிவுகளைத் தனிப் பையில் கட்டவும்.' 48 வீட்டில் முப்பது வீட்டுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வீடுதான். இருந்தும் இந்த விதியை யாரும் எதிர்க்கவில்லை. கோழி தின்கிறவன் ஆடு தின்கிறவனைப் பார்த்து, ஆடு தின்கிறவன் மாடு தின்கிறவனைப் பார்த்து, தன்னைவிட ஒருத்தன் கீழே இருக்கிறான் என்று சமாதானப்பட்டுக்கொள்கிறான். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சாதிக்கு இதைவிட எளிய பாடம் வேண்டுமா? சமையலறை சன்னல் ஒன்று போதும். எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதை நாங்களே நிறுத்திவிட்டோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அம்மா வந்தால் கேட்பார். 'இங்க நல்லா கிடைக்காதும்மா' என்பேன். அதுவும் பொய்.

ஐந்தாவது: 'வீட்டை வாடகைக்கு விடுவோர் குடியிருப்பின் பண்பாட்டுக்கு ஏற்ற குடும்பங்களுக்கு மட்டும் விடவும். சங்கத்தின் ஒப்புதல் அவசியம்.' பண்பாடு என்ற சொல்லை எங்கே கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள். வாடகைக்கு வீடு தேடிய அனுபவம் இங்கே பாதிப் பேருக்கு இருக்கும். முதல் கேள்வி, சொந்த ஊர் எது. இரண்டாவது, அங்கே எந்தத் தெரு. மூன்றாவது, குலதெய்வம் எது. அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், 'நீங்க வெஜ்ஜா?' கடைசியில், 'வீடு நேத்துதான் சார் முடிஞ்சிடுச்சு.' இது நம் புலம்பல் மட்டும் இல்லை. சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் தில்லிப் பகுதியில் வாடகை வீடு கேட்டு ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயர் சொன்னவர்களுக்குக் கதவு திறந்தது. தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் மறுப்பும் நிபந்தனையும் வந்தன.

சட்டம் என்ன செய்கிறது? அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை என்று பட்டியல் போடுகிறது. வாடகை வீடு என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கான கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று, பார்சி அல்லாதவரை உறுப்பினராகச் சேர்க்காமல் இருக்கலாமா என்று வழக்கு வந்தபோது, 2005இல் உச்ச நீதிமன்றம் இருக்கலாம் என்றது. சிறுபான்மைச் சமூகம் தன்னைக் காத்துக்கொள்கிற உரிமை என்று வாதிடலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு திறந்து விட்ட வழியில் யார் யார் நுழைவார்கள் என்பதை நாம்தான் கவலைப்பட வேண்டியிருக்கிறது. இதோடு சேர்த்து இன்னொன்றையும் யோசியுங்கள். 1997இல் அறிவித்த சமத்துவபுரத்தில் நூறு வீட்டுக்கு 40 தலித்துகள், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 இதரர் என்று கணக்கு வைத்தார்கள். அதன் மேல் நமக்கு விமர்சனம் உண்டு. ஆனால் யாருக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார் என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்ட ஒரு சந்தர்ப்பம் அது. நகரத்தில் அந்தக் கணக்கு எங்கே போயிற்று? ஏழையை வாரியம் ஒரு பக்கம் அடுக்குகிறது. பணம் உள்ளவனைக் கம்பெனி இன்னொரு பக்கம் அடுக்குகிறது.

ஆறாவது: தைப்பூசப் பிரசாதம் பிப்ரவரி 11. மகா சிவராத்திரி பஜனை பிப்ரவரி 26, வீட்டுக்கு 300 ரூபாய். அதே பிப்ரவரியில் 7ஆம் தேதி ரமாபாய் அம்பேத்கர் பிறந்த நாள். 12ஆம் தேதி ரவிதாசர் பிறந்த நாள். அந்தத் தாளில் இடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. 300 ரூபாயைக் கொடுத்து ரசீதும் எனக்கு நானே எழுதிக்கொண்டேன்.

ஏழாவது செய்தி ஒரே வரி: 'நல்ல அண்டை வீட்டாராக வாழ்வோம்.'

இந்த வரியை எழுதியவன் நான். இந்தத் தாள் முழுவதையும் தமிழில் எழுதியவன் நான்தான். செயலாளர் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பார். 'நீங்க கவிஞராச்சே சார், வாட்ச்மேனுக்கும் வேலைக்காரங்களுக்கும் புரியற மாதிரி தமிழ்ல போட்டுக் குடுங்க' என்பார். நானும் போட்டுக் கொடுப்பேன். 'பண்பாட்டுக்கு ஏற்ற' என்ற சொற்களைத் தேர்ந்தெடுத்தவன் நான். 'இடைஞ்சல் இல்லாதவாறு' என்று இதமாகச் சொன்னவன் நான். அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது இரண்டாவது செய்தி. 'கழிவுநீர்த் தொட்டி பிப்ரவரி 9 ஞாயிறு காலை 6 மணிக்குச் சுத்தம் செய்யப்படும். ஆள் இறங்கிச் சுத்தம் செய்வதால் 10 மணி வரை சன்னல்களை மூடி வைக்கவும்.'

ஜனவரி 29ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டிருந்தது. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில், மலத்தை மனிதன் அள்ளுவதும் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதும் கூடாது என்று. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வங்கியில் அந்தச் செய்தியைப் படித்தேன். கோபப்பட்டேன். பக்கத்து சீட்டுத் தோழரிடம் அரை மணி நேரம் பேசினேன். அதற்கு மறுநாள் இரவு உட்கார்ந்து 'ஆள் இறங்கிச் சுத்தம் செய்வதால்' என்று எழுதினேன். இரண்டையும் செய்தது ஒரே ஆள், ஒரே மண்டை.

பிப்ரவரி 1ஆம் தேதி மத்திய பட்ஜெட். மறுநாள் மாலை எங்கள் சங்கக் கூட்டம். அதற்குக் கணக்கு காட்டப் பழைய வவுச்சர்களை அன்று இரவு புரட்டிக்கொண்டிருந்தேன். முந்தைய வருஷத்து வவுச்சர் ஒன்று வந்தது. 'செப்டிக் டேங்க்: லாரி 3,500. ஆள் கூலி இரண்டு பேர் 2,000.' கீழே பொருளாளர் கையெழுத்து. என் கையெழுத்து. பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் காண்ட்ராக்டர் கையெழுத்து. இறங்கிய இரண்டு பேருக்கும் பெயர் இல்லை. அன்றைக்குக் காலையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. சன்னலை மூடிக்கொண்டு தூங்கியிருப்பேன். கவிதைகூட எழுதியிருக்கலாம்.

செப்டிக் டேங்குக்குள் என்ன நடக்கிறது என்று இங்கே இருக்கிற மாணவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மூடியிருக்கிற தொட்டியில் கழிவு அழுகி மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்கின்றன. உயிர்க்காற்று குறைந்துவிடுகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் முகரும் சக்தியையே அடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். சேற்றில் கால் வைத்துக் கலக்கியதும் அடியில் தங்கிய வாயு மொத்தமாக மேலே வரும். இறங்கியவர் விழுவார். தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவார். அதனால்தான் நாம் படிக்கிற செய்திகளில் ஒருவர் இறந்தார் என்று வருவது குறைவு. இருவர், மூவர் என்று வரும். அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று வரும். தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையம் 1993லிருந்து எடுத்த சாவுக் கணக்கில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். சமூக நீதி மண் என்று பேசும்போது இதையும் பேச வேண்டும்.

1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013இல் இன்னொரு சட்டம். அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த முகமையும், நேரடியாகவோ மறைமுகமாகவோ, சாக்கடையையோ கழிவுநீர்த் தொட்டியையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் தடவைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வர முடியாத குற்றம். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2013 டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாள். 2014இல் உச்ச நீதிமன்றம் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றது. வங்கிக்காரன் புத்தி, தொகையைப் பார்த்தால் ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டின் விலை அதைப்போல இரண்டு மடங்கு.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். பிப்ரவரி 2 மாலை, மொட்டை மாடியில் நாற்காலி போட்டு. முதல் அரை மணி நேரம் பட்ஜெட்தான். 12 லட்சம் வரைக்கும் வருமான வரி இல்லை என்று அறிவித்துவிட்டார்களே, யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று எல்லாரும் கணக்குப் போட்டார்கள். நல்ல உற்சாகம். பிறகு கணக்கு. காண்ட்ராக்டருக்கு முன்பணம் கொடுக்கிற வவுச்சரை என் முன்னால் வைத்தார்கள். நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

ஏன் என்று கேட்டார்கள். ஆளை இறக்கக் கூடாது என்று சொன்னேன். ஒருவர் சொன்னார்: "அந்த ஆர்டர் சென்னைக்கு சார். நாம தாம்பரம் தாண்டி இருக்கோம்." தோழர்களே, நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். வீடு விற்கும்போது சென்னை, ஆளை இறக்கும்போது சென்னை இல்லை. 2013 சட்டம் நாடு முழுமைக்கும் என்றேன். இன்னொருவர் சொன்னார்: "அவங்களே வரேன்னு சொல்றாங்க. அவங்க பொழப்ப நாம ஏன் கெடுக்கணும்?" இதில் ஒரு கருணை இருக்கிறது பாருங்கள், அதைத்தான் எதிர்கொள்ள முடியாது. வேறு வழி என்ன என்று தலைவர் கேட்டார். விசாரித்து வைத்திருந்தேன். தண்ணீரை வேகமாய்ப் பீய்ச்சி அடியில் இறுகிய சேற்றைக் கலக்குகிற வண்டி, அதற்குப் பிறகு இரண்டாவது லோடு லாரி. 6,000 ரூபாய் கூடுதல். 48 வீட்டுக்கு வகுத்தால் வீட்டுக்கு 125 ரூபாய். அதுவரை பன்னிரண்டு லட்சத்தைப் பேசியவர்கள் 125 ரூபாயை ஒரு மணி நேரம் பேசினார்கள்.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். "உங்களுக்கு ஏன் சார் இவ்வளவு டென்ஷன்?"

"இறங்கறவங்க எங்க ஜனம் சார்" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. மைக் கிடையாது, முழக்கம் கிடையாது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு செயலாளர், ஏதாவது ஆகிவிட்டால் எஃப்.ஐ.ஆரில் யார் பெயர் வரும் என்று மெதுவாகக் கேட்டார். ஆளை அமர்த்தியவர் பெயர், தலைவர் செயலாளர் பெயரும் வரலாம் என்றேன். அதோடு தீர்மானம் நிறைவேறிவிட்டது. மனிதாபிமானம் ஜெயித்தது என்று நான் சொல்ல மாட்டேன். 125 ரூபாயை ஜெயிலோடு வைத்துப் பார்த்து முடிவெடுத்தார்கள். பரவாயில்லை. 9ஆம் தேதி வண்டி வந்தது. யாரும் இறங்கவில்லை. நான் காலை ஐந்தரை மணிக்கே கீழே போய், முடிகிற வரைக்கும் மூடிக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கு அது போதும்.

அக்கம்பக்கத்து வாழ்க்கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எதிர்வீட்டோடு எங்களுக்குக் கிண்ணம் போய்வருகிற பழக்கம் உண்டு. கொடுத்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நம் வழக்கம். என் துணைவியார் பாயசம் வைத்து அவர்கள் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டு போனார். அந்தம்மா வாசலிலேயே நின்று, "எங்களுக்கெல்லாம் சுகர் இருக்கும்மா" என்று சொல்லிப் பாயசத்தை நம் வீட்டுப் பாத்திரத்தில் மாற்றித் தரச் சொல்லி, கிண்ணத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். ஆறு வருஷமாக இல்லாத சுகர். அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பேச்சு நிற்கவில்லை. வணக்கம் நிற்கவில்லை. லிஃப்டில் பார்த்தால் வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். பழைய தீண்டாமைக்கு ஒரு சத்தம் இருந்தது. இது சத்தமே போடாது. 'சுகர் இருக்கு' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு எந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதுவது? தரைத்தள வீட்டிலிருந்து ஒரு பாட்டி மட்டும் மறுநாளே வந்து 125 ரூபாயைச் சில்லறையாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். ரசீது வேண்டாம் என்றார். நான் எழுதித்தான் கொடுத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் இவ்வளவு நேரம் பேசியது வீரக் கதையாகிவிடும்.

விஷயம் வாட்ச்மேன் மூலமாகப் பெரும்பாக்கத்து அக்காவுக்குப் போயிருக்கிறது. மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: "தம்பி, நீ நம்ம ஜனமா?" ஆமாம் என்றேன். கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அப்பறம் ஏன் தம்பி எனக்குத் தனி டம்ளரு?"

சிங்க்குக்குக் கீழே, ஒரு ஓரத்தில், ஒரு ஸ்டீல் டம்ளர். நாங்கள் வைத்ததா, அவர் வைத்ததா, எப்போது வந்தது? தெரியாது. மற்ற வீடுகளில் அப்படி. எங்கள் வீட்டிலும் அப்படி. ஆறு வருஷம் அவர் அதில் காபி குடித்தார். டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி நான் எழுதிய கவிதை ஒன்று உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அதை எழுதிய மேசைக்கும் அந்த டம்ளருக்கும் பதினைந்து அடி தூரம்தான்.

நான் ஒன்றும் பேசவில்லை. என் துணைவியார் அந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்த்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தார். இப்போது எது அது என்று எனக்கும் அடையாளம் தெரியாது.

நகரத்துக்கு வந்ததால், படித்ததால், வேலை கிடைத்ததால், வீடு வாங்கியதால் மட்டும் சாதியை விட்டு வெளியே வந்துவிடுவதில்லை. மௌனமாக இருந்தால், நம்மையே அதற்குக் கணக்கெழுத வைத்துவிடும், நோட்டீஸ் எழுத வைத்துவிடும். எனக்கு அதுதான் நடந்தது. பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதியிருக்கிறதே, அந்த மண்ணில் என் பங்குக்குள் செப்டிக் டேங்கும் அடக்கம். அதற்குள் யாரை இறக்குகிறார்கள் என்பதற்கும் நான் 48இல் ஒரு பங்கு பொறுப்பு.

ஆகவே தோழர்களிடம் என் வேண்டுகோள் இது. நீங்கள் குடியிருக்கிற இடத்தில், உங்கள் விடுதியில், உங்கள் உறவினர் இருக்கிற அடுக்குமாடியில் ஒட்டியிருக்கிற தாளைப் படியுங்கள். சங்கத்தின் விதிகளை வாங்கிப் படியுங்கள். செப்டிக் டேங்க் எப்போது, யாரால், எப்படிச் சுத்தம் செய்யப்படுகிறது என்று கேளுங்கள். வவுச்சரைக் காட்டச் சொல்லுங்கள். 'ஆள் கூலி' என்று இருந்தால் 7ஆம் பிரிவை எழுத்தில் கொடுங்கள். அவர்கள் பொழப்பு போகிறதே என்பார்கள். வண்டியையும் கருவியையும் இயக்குகிற வேலையை நல்ல கூலியோடு அவர்களுக்கே கொடுங்கள் என்று கேளுங்கள். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே மறுவாழ்வு என்ற சொல் இருக்கிறது. பின்பக்க லிஃப்டில் போகிறவர்களோடு நீங்களும் ஒரு மாதம் பின்பக்க லிஃப்டிலேயே போய்ப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும். அதற்கு உங்களைப் போன்றவர்கள் எழுத்து வேலை செய்து கொடுக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் பகுதித் தாள்களையும் கொண்டு வாருங்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். என்னுடையதை இங்கேயே விட்டுச் செல்கிறேன். வேறொரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'ஆள் இறங்கிச் சுத்தம் செய்யும் முறை இங்கு இல்லை. லிஃப்டுகள் அனைவருக்கும் பொது.' முதல் வரியைச் செயலாளர் ஒப்புக்கொண்டு ஒட்டிவிட்டார். இரண்டாவது வரியை அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். பேசுவேன்.